வாபஸ் வக்கீல்

முப்பது வருஷம் வக்கீல் தொழில் நடத்தி, ஒரு வழக்கில்கூட ஜெயிக்காமல், ஒரு வழக்கில்கூடத் தோற்காமல், கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ராயபுரத்தில் இருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு பலகையும் தொங்கியது. ஆனால் கடல் காற்று அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் தின்றுவிட்டு, 'பி.ஏ., பி.எல்.' என்பதை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவைத்திருந்தது. ஊருக்கு அவர் வாபஸ் வக்கீல். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார். காரணம், அவர் கையில் எடுத்த எந்த வழக்கும் தீர்ப்பு வரை போனதில்லை. ஒன்று, வேலை போன வாத்தியார் வழக்கை வாபஸ் வாங்குவார். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் உத்தரவை வாபஸ் வாங்கும். பல சமயம் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

வாத்தியார் என்றேனே, அதுதான் அவருடைய தனிக் கட்சி. கொலை, கொள்ளை, பாகப்பிரிவினை எதையும் தொடமாட்டார். பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான் வக்கீல். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் பாதிரிமார் பள்ளியானாலும் செட்டியார் தர்மப் பள்ளியானாலும், நீக்கப்பட்ட உபாத்தியாயர் நோட்டீஸ் விட்டார் என்றால், நிர்வாகிகள் அடுத்த வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பது அவர் வாசலில்தான். பட்டணத்துக் காலேஜ் ஒன்றுகூட அவரைத் தேடி வந்ததுண்டு. கட்டுமரக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். தலைப்பாகையும் அல்பாகா கோட்டும் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் மனு எழுதுவார். வாயைத் திறந்தால் ராயபுரம்தான் பேசும்.

"மில்லுல ஒரு ஆளு போனா இன்னொரு ஆளு வருவான் நைனா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போனா அத்தினி புள்ளிங்களும் வூட்ல போய் சொல்லும். கோர்ட்டுல கெலிச்சு இன்னா பண்ணப்போறே? நாளிக்கி அதே தெருவுல அதே மூஞ்சிய பாக்கணுமே!" என்பார். நிர்வாகிகள் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு, "அதெல்லாம் சரி, அந்த ஆளை மட்டும் விடக்கூடாது" என்பார்கள். அங்கேதான் அவருடைய வேலை ஆரம்பமாகும்.

திருவொற்றியூரில் ஒரு டிராயிங் மாஸ்டர் வகுப்பிலே தூங்கினார் என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மாஸ்டர் வழக்குப் போட்டார். நம்முடைய வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், மாஸ்டர் உட்கார்ந்த அதே அறையில், அதே நாற்காலியில், அதே மத்தியான வேளையில் உட்கார்ந்தார். கிழக்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். கால் மணி நேரத்தில் வக்கீலின் குறட்டை ஹெட்மாஸ்டர் அறை வரைக்கும் கேட்டது. எழுப்ப வந்த ஹெட்மாஸ்டர் பக்கத்து பெஞ்சில் சற்று உட்கார்ந்தார். பள்ளி விடும் மணி அடித்தபோது இருவரையும் சேர்த்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஆள மாத்தாத. ரூம்ப மாத்து."

எண்ணூரில் இன்னொரு விவகாரம். அங்கே ஒரு பள்ளியில் கடிகாரம் நின்று வெகு நாளாயிற்று. மணி அடிக்கும் பியூன், ரயில் போவதைப் பார்த்துத்தான் மணி அடிப்பான். ஒரு நாள் ஏதோ சரக்கு வண்டி முன்னதாக வந்துவிட்டது. பியூன் கடமை தவறாமல் மணியை அடித்தான். முந்நூறு பிள்ளைகள் மத்தியானம் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிர்வாகத்தார் பியூனை நீக்கினார்கள்.

"நீ தப்பான ஆள டிஸ்மிஸ் பண்ணிக்கீறே," என்றார் வக்கீல். "மெய்யாலுமே நாயம் வோணும்னா ரெயில டிஸ்மிஸ் பண்ணு. இல்லாங்காட்டி, கட்யாரத்துக்கு சாவி குடு." கடிகாரம் ரிப்பேருக்குப் போயிற்று, பியூன் வேலைக்கு வந்தான்.

தொழிலில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். ஒரு முறை ஜட்காக்காரன் ஒருவனோடு அவருக்குத் தெருவிலே சண்டை மூண்டது. ராயபுரத்துச் சண்டை. கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பேரும் மூச்சு வாங்கி நின்ற சமயத்தில், வக்கீல் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "ஏம்ப்பா, இத்தோட வாபஸ் வாங்கிக்கலாமா?" என்றார். அவனும் களைத்திருந்தான், சரி என்றான். ஆனால் இவர் சும்மா விடுகிற ஆளா? மொத்தமாக வாபஸ் வாங்குவது சட்டப்படி செல்லாதாம். வரிசைக்கிரமமாக வாங்க வேண்டுமாம்.

"நா மொதல்ல உன்ன இன்னா சொன்னேன்?"

"கஸ்மாலம்னு சொன்னே."

"வாபஸ். நீ?"

"பேமானின்னு சொன்னேன். வாபஸு."

"அப்பால நா சோமாறின்னேன். அதுவும் வாபஸ். குருதய கூட திட்டிட்டேன்." குதிரையிடம் போய், அதன் கழுத்தைத் தடவி, "உன்னியும் சொன்னத வாபஸ் வாங்கிக்கினேன் கண்ணு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜட்காக்காரன் அவரை ஏற்றிக்கொண்டு போய் வீட்டிலேயே இறக்கிவிட்டான்.

இவ்வளவும் உனக்கெப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். பாதி ஊர் சொல்லிக் கேட்டது. மீதிக்கு நானே சாட்சி. என்னை வேலையை விட்டு அனுப்பியது செல்லும் என்று நிரூபிப்பதற்காக என் பள்ளிக்கூடம் அமர்த்திய வக்கீல் அவர்தான்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ராயபுரத்தில் ஒரு ஹைஸ்கூலில் தமிழ்ப் பண்டிதர். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடித்தனம் வந்திருந்தோம். மனைவிக்கு ஏழாவது மாசம். பள்ளிக்கூடத்துக்கு மானேஜர் ஒருவர் உண்டு. துறைமுக ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹார்பரில் கப்பல்களை நடத்திய மாதிரியே எங்களையும் நடத்துவார். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், "ஏன் ஓய், வெளியே நங்கூரம் போட்டுவிட்டீரா?" என்பார். கெட்டவர் இல்லை. ஆனால் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்ததே கிடையாது.

இன்ஸ்பெக்டர் துரை பள்ளிக்கூடம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எல்லா உபாத்தியாயர்களும் பிள்ளைகளுக்கு முன்னால் லெஃப்ட் ரைட் போட்டு நடக்க வேண்டும் என்று மானேஜர் உத்தரவிட்டார். பண்டிதர் உட்பட. பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமுமாக நான் காலைத் தூக்கி நடப்பதை நினைத்தேன். இளரத்தம் கொதித்தது. அவர் அறைக்குப் போனேன்.

"எனக்குத் தெரிந்த அடியெல்லாம் செய்யுளில் வரும் அடிதான். தரையில் வைக்கும் அடியெல்லாம் டிரில் மாஸ்டர் பாடு" என்றேன்.

"அப்படியென்றால் உமக்கு இங்கே என்ன வேலை?" என்றார் அவர்.

வார்த்தை வளர்ந்தது. கடைசியில் நான் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படியானால் சரி. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மணி பதினொன்று. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். கோபம் தணிந்தது. மறுநாள் காலை வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வருகைப் பதிவேட்டில் என் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'ராஜினாமா' என்று எழுதியிருந்தது.

"யார் ராஜினாமா செய்தது?" என்றேன்.

"நீர்தான். நேற்று என் எதிரே நின்று 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போனீரே!"

"ஆமாம், வரேன் என்றுதானே சொன்னேன்? அதனால்தான் வந்திருக்கிறேன்."

"ஓய், தமிழ் எனக்கும் தெரியும். கோபத்தில் ஒருத்தன் வரேன் என்றால் போகிறேன் என்றுதான் அர்த்தம். போம்."

வாசலுக்கு வந்து நின்றபோதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. ராஜினாமா என்று பதிவேட்டில் ஏறிவிட்டால், எடுத்தெறிந்து பேசிவிட்டுப் போன பண்டிதர் என்று பெயர் பரவிவிடும். வேறு எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது. மாமனார் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். என் மாமனாருக்கு மாடுகள் பதினொன்று. தமிழ் படித்த மாப்பிள்ளை என்றாவது ஒரு நாள் அவற்றுக்குப் பயன்படுவான் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை.

வக்கீலைத் தேடிப் போக வசதியில்லை. நோட்டீஸை நானே எழுதினேன். ஒற்றுப்பிழை இல்லாத நோட்டீஸ் சென்னை ராஜதானியிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். மானேஜரை 'செருக்கின் சிகரமே' என்று விளித்திருந்தேன். அதைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள் காலையில், தலைப்பாகையும் கோட்டுமாக ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பண்டிதரு வூடு இதானே? நாந்தான் உனுக்கு எதிர்க்கட்சி வக்கீலு. வெயிலு மண்டய பொளக்குது. கொஞ்சம் மோரு கெடிக்குமா?"

கொடுக்காமல் என்ன செய்வது? என் மனைவி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வந்து, "எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பெருங்காயம் போட்டு மோர் குடுத்த குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்" என்று என் காதில் சொன்னாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"உன் நோட்டீஸ் படிச்சேன் பண்டிதரே. ஒரு எயவும் பிரியல. மானேஜரு நாலு தபா படிச்சுட்டு, 'செருக்கு'ன்னா இன்னான்னு என் கைல கேட்டாரு. எதுனா கவுரவமான பட்டமா இருக்கும்னு சொல்லி வெச்சுக்கீறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போ மெய்ய சொல்லு. அன்னிக்கி வரேன்னியே, இன்னா அர்த்தத்துல சொன்னே? திரும்பி வரேன்னா, வேலைய வுட்டுப் போறேன்னா?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே தெரியவில்லை. கோபத்தில் சொன்னேன், வாயில் வந்தது சொன்னேன். அதையே அவரிடமும் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். "யோவ், அத்த வெளிய எவன் கைலயும் சொல்லாத! என் கைல சொன்னதயும் இப்பவே வாபஸ் வாங்கிக்கோ."

"வாபஸ்" என்றேன்.

"அது. சரி, நீ எலக்கணம் படிச்ச ஆளு. போறத போய் நம்ம ஜனங்கோ ஏன் வரேன்றாங்கோ?"

அது எனக்கு வெல்லம் சாப்பிடுகிற மாதிரியான கேள்வி. அமங்கலமான சொல்லை விட்டு மங்கலமான சொல்லால் சொல்வது ஒரு மரபு. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது போல. போகிறேன் என்றால் போனவர் போனவராகவே ஆகிவிடுவாரோ என்ற பயத்தில் வருகிறேன் என்கிறோம். இதற்கு இலக்கணத்தில் மங்கல வழக்கு என்று பெயர் என்று விளக்கினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மங்கல வயக்கா! இத்தினி வருஷமா கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன், அல்லாமே அமங்கல வயக்காத்தான்யா பாத்துக்கினு கீறேன்!" என்று எழுந்தார். "சனிக்கெயம மத்தியானம் பள்ளிக்கூடத்துல ஒத்திகை. நீயும் வந்துரு."

இந்த ஒத்திகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்து நிர்வாகியைச் சாட்சிக் கூண்டுக்குப் பழக்குவது அவர் வழக்கம். அதற்கு அவரே எதிர்க்கட்சி வக்கீலாக மாறிக் குறுக்கு விசாரணை செய்வார். சாட்சிக் கூண்டு உயரமாக இருக்குமாம். பள்ளிக்கூடத்தில் உயரமான இடம் எது? ஆகவே சாட்சி பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். எத்தனையோ மாணவர்களை அந்த பெஞ்சு மேல் ஏற்றிய நிர்வாகிகள், அவர் ஒருவருக்காகத்தான் தாங்களும் ஏறினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றாம் பாரம் அறையில் நாங்கள் மூன்று பேர். என்னைக் கண்டதும் மானேஜர் முகம் சுருங்கியது. "எதிராளியை ஏன் ஓய் அழைத்தீர்?"

"கோர்ட்டுல மட்டும் அவரு வரமாட்டாரா? பயகிக்கோங்க. ஏறுங்க பெஞ்சி மேல."

மானேஜர் ஜரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். வக்கீல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தப்படி பின்னால் போய், திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"உன் பேரு இன்னா?"

"என்ன ஓய், நீ நான் என்று..."

"கோர்ட்டுல மருவாத கெடிக்காது. வரேன்னா இன்னா அர்த்தம்? சொல்லு!"

"போகிறேன் என்று அர்த்தம்."

"போறேன்னா?"

"அதுவும் போகிறேன்தான்."

"அப்போ வரேன்னாலும் போறே, போறேன்னாலும் போறே. வரவே மாட்டே?"

மானேஜர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க அங்கவஸ்திரத்தை வாயில் வைத்துக்கொண்டேன்.

"சரி. காலில வூட்ட வுட்டுக் கெளம்ப சொல்ல, பொஞ்சாதி கைல இன்னா சொல்லிட்டு வந்தே?"

"வரேன் என்று..."

"கண்ணாலம் ஆயி எத்தினி வருஷம்?"

"முப்பத்திரண்டு."

வக்கீல் என் பக்கம் திரும்பி, இல்லாத நீதிபதிக்குக் கும்பிடு போட்டார். "கனம் கோர்ட்டார் அவர்கள் கவனிக்கணும். முப்பத்திரண்டு வருசமா இந்த மன்சன் தெனம் காலில தன் சம்சாரத்த ராஜினாமா பண்ணிக்கினு கீறாரு. அந்தம்மா இன்னும் ஏத்துக்கல. தெனம் ராவுக்கு சோறு போட்டுக்கினு கீறாங்கோ!"

நான் அடக்கிய சிரிப்பு வெடித்துவிட்டது. மானேஜர் முகம் சிவந்தது. பெஞ்சிலிருந்து தொப்பென்று குதித்தார்.

"இந்தக் கூத்துக்கெல்லாம் நான் ஆளில்லை. வழக்கை நீர் எப்படியாவது நடத்தும். நான் வரேன்!" என்று சொல்லிவிட்டு, கதவைத் தாண்டி வேகமாக வெளியே போனார்.

வக்கீல் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மேஜை மேலிருந்த தாளை இழுத்து, சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மணி நாலு அடிச்சு பத்து நிமிசம். மானேஜர் அவர்கள் சாட்சி முன்னிலையில் வரேன்னு சொல்லி ராஜினாமா."

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு மெள்ளத் திரும்பி வந்தது. மானேஜர் கதவோரம் நின்று, யாரையும் பார்க்காமல், "குடையை வைத்துவிட்டுப் போய்விட்டேன்" என்றார்.

"யாரு சார் நீங்கோ?" என்றார் வக்கீல் மிகுந்த மரியாதையோடு. "இந்தப் பள்ளிக்கூடத்துல வெளியாளுங்க உள்ள வரக்கூடாதே. மானேஜர கேக்கலாம்னா, அவுரு இப்பத்தான் வேலைய வுட்டுட்டுப் போனாரு."

அந்த நிமிஷத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போயிற்று. மானேஜர் குடையைக் கையில் எடுத்தார். வக்கீலை முறைத்தார். என்னை முறைத்தார். பிறகு அவருடைய மீசை ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. ஒரு வருஷமாக அவரிடம் வேலை பார்த்தவன் நான். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பெஞ்சு மேல் உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கவலை வந்துவிட்டது.

"அதெல்லாம் சரி ஓய். ஆனால் நான் எழுதினதை நானே தப்பு என்று எப்படி எழுதுவேன்? என் கௌரவம் என்ன ஆகிறது?"

"தப்புன்னு யாரு எயுத சொன்னது? நீங்கோ ஒண்ணும் தப்பு பண்ணல, அவரும் தப்பு பண்ணல. குந்துங்க" என்று அவரே வாசகம் சொல்ல, மானேஜர் எழுதினார். அந்த உத்தரவின் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. 'வருவதாகச் சொல்லிச் சென்ற தமிழ்ப் பண்டிதர், சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டபடியால், வேலையில் தொடர்ந்து இருந்து வரவும்.' கீழே மானேஜர் கையெழுத்து.

நான் நோட்டீஸை வாபஸ் வாங்கினேன். 'செருக்கின் சிகரம்' என்பதைத் தனியாக வாபஸ் வாங்க வேண்டும் என்று வக்கீல் பிடிவாதமாக நின்றார், வாங்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மானேஜர் மறுபடியும் கேட்டார். நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தோம். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கும் வக்கீல் ஒரு சமாதானம் செய்துவைத்தார். டிரில் மாஸ்டர் நடப்பது, நான் ஓரமாக நின்று 'இடம்! வலம்!' என்று தமிழில் குரல் கொடுப்பது. துரைக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஏதோ வேத மந்திரம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உத்தரவை மடித்து மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தேன். அப்பாடா என்று இருந்தது. எட்டு நாளாகச் சரியாகப் போகாத மூச்சு அப்போதுதான் அடிவயிறு வரைக்கும் போயிற்று. மாமனாரின் பதினொரு மாடுகளும் வரிசையாக என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போவது போலக் கண்ணுக்குத் தெரிந்தது. ரயில் ஸ்டேஷன் வரைக்கும் வக்கீலும் கூடவே நடந்தார்.

"பள்ளிக்கூடம் அமர்த்திய வக்கீல் நீங்கள். எனக்காக இவ்வளவு செய்திருக்கிறீர்கள். நான் எப்படி நன்றி சொல்வேன்?" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நிஜமாகவே கோபம். "இன்னா பண்டிதரே, என் தொயிலுக்கே ஒல வெக்கிறே? உனுக்காக நா ஒண்ணியும் செய்யல. எங் கட்சிக்காரன் பள்ளிக்கூடம். அதுக்கு ஒரு நல்ல வாத்தியாரு கைய வுட்டுப் போவ இருந்தாரு, புடிச்சுக் குடுத்தேன். அவ்ளோதான்."

"நான் நல்ல வாத்தியார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? என் வகுப்பைப் பார்த்ததே இல்லையே!"

தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க தெருவுல மீனுக்கு வல போடுற ஒருத்தன் மவன் கீறான். உன் கிளாஸுதான். போன மாசம் கடைல நின்னுகினு, வா... வா..." அவர் நாக்கை மடித்தார். வரவில்லை. இன்னொரு முறை மடித்தார். "வாயப்பயம். நா சொன்னா இப்டித்தான் வரும். அவன் சுத்தமா சொன்னான்யா, நீ சொல்ற மாதிரி. எங்க தெருவுலயே அத்த எவனும் சொன்னதில்ல. யார்ரா கத்துக் குடுத்ததுன்னேன். உன் பேர சொன்னான்."

"வாழைப்பழம் என்று சொன்னதற்கா இவ்வளவும்?"

"எனுக்கு வோணாம். எனுக்கு வாயப்பயமே ருசியாத்தான் கீது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நா மொத மொதல்ல கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு சாட்சிய விசாரிச்ச அன்னிக்கி, 'இந்த வயக்குல'ன்னேன். கோர்ட்டே சிரிச்சுது. வெள்ளக்கார ஜட்ஜிக்கு தமியே தெரியாது, அவனும் சேந்து சிரிச்சான். அன்னிக்கி வெளிய வந்தவன்தான். அதுக்கப்பால வயக்கு கோர்ட்டுப் படி ஏறாமயே பாத்துக்கினேன். அந்தப் பொடியன் நாளிக்கி வக்கீலுக்கு படிச்சான்னா, அவன் அங்க நின்னு பேசணும், இன்னா?"

வண்டி வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏதோ ஹெட்மாஸ்டருக்கும் தையல் டீச்சருக்கும் தகராறாம். கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உத்தரவை மனைவி கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

அதே பள்ளிக்கூடத்தில் மேலும் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நல்ல வாத்தியாராக இருந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழையும்போது, அந்த மனிதர் என்னைப் பற்றிச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டேதான் நுழைந்தேன்.